அனைவரும் ஒப்புக்கொண்டனர்

அக்காவுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அது அட்டையிலேயே இருக்கட்டும். பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை எட்டிப் பார்த்து "நெக்ஸ்ட்" என்று கூப்பிட்டதில், சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவள் நெக்ஸ்ட் அக்கா ஆகிவிட்டாள். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் முதலில் வாயை மூடிக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லி, மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்புறம் மூடிய வாயோடு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நழுவுவார்கள்.

அவள் வேலை பார்ப்பது மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியில். ஏற வேண்டியது இருபத்திரண்டு படி. பல்வலிக்காரர்கள் பாதிப் படியில் நின்று, வலி போய்விட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பார்கள். அக்காவுக்குக் காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரியும். சத்தம் பாதியில் நின்றால் மேசையை விட்டு எழுந்து வந்து, "வந்ததே வந்துட்டீங்க, இன்னும் பத்துப் படிதான்" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பாள். பயந்தாங்கொள்ளிகளுக்கு எப்போதும் காலை ஒன்பது மணியைத்தான் கொடுப்பாள். நாள் முழுக்க உட்கார்ந்து பயப்பட அவகாசம் கொடுக்கக் கூடாது என்பது அவள் கண்டுபிடித்த வைத்தியம்.

இத்தனை பேரை உள்ளே தள்ளிவிட்டவள், தான் ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வருடமாக அவளைப் படுத்திக்கொண்டிருக்கிறது. வலது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டுகிறாள். யாராவது கேட்டால், "எனக்கு ஏது நேரம், எல்லாத்தையும் மத்தவங்களுக்குக் கொடுத்தாச்சே" என்பாள். உண்மை அதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் அந்த 'கொர்ர்' சத்தத்தைக் கேட்டவளுக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

பெரிய டாக்டர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. கை பஞ்சு மாதிரி. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். கை ஒரு அங்குலம் எழுந்தால் போதும், கருவியை வெளியே எடுத்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நிறுத்தத் தவறியதில்லை. சின்னக் குழந்தைகள் விளையாட்டுக்குப் பத்துத் தடவை கையைத் தூக்கினாலும் பத்துத் தடவையும் நிறுத்துவார்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடமே ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்டுப் பழகியவர் அவர். "பசங்க எப்படி இருக்காங்க? நல்லா இருக்காங்களா? சரி சரி." பதிலுக்கு நிற்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. படுத்திருக்கிறவர்களிடம் இப்படிப் பேசினால் பாதகமில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறவர்களிடமும் அப்படியே பேசினார் என்பதுதான் சங்கடம்.

இந்தச் சங்கடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெட்டவெளிச்சமாகும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் டாக்டர் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தார். திரும்பும்போது, காலாண்டுத் திட்டக் கூட்டம் என்ற ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். அன்றிலிருந்து காலாண்டின் முதல் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாசலில் 'மூடியிருக்கிறது' என்ற பலகை தொங்கும். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், மூன்று மூன்றாக இணைத்த இரும்பு நாற்காலிகளில் எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். எல்லோரும் என்றால் நான்கு பேர்: அக்கா, சின்ன டாக்டரம்மா, பின்கட்டு அறையில் பல்செட் செய்யும் பல்செட்காரர், டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்து, கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிஸ்டர். எதிரே பெரிய டாக்டர் நின்றபடி ஒன்றரை மணி நேரம் பேசுவார்.

"அடுத்த மூணு மாசத்துக்கு இதுதான் இலக்கு. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? இல்லல்ல? சரி."

கூட்டப் பதிவேடு எழுதுவது அக்காவின் வேலை. இலக்கு, காலம், பொறுப்பு என்று மூன்று கட்டம். பொறுப்பு என்ற கட்டத்தில் 'அனைவரும்' என்று எழுதுவாள். கடைசியில் 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதி அடிக்கோடு போடுவாள். கூடத்து மீன்தொட்டியைச் சுத்தம் செய்வது என்ற இலக்கு, 'பொறுப்பு: அனைவரும்' என்று பதினொரு காலாண்டு வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. நடுவில் மீன்கள் பொறுமை இழந்து செத்துப்போயின. இப்போது தொட்டியில் பாசி மட்டும் நன்றாக இருக்கிறது.

மீனோடு போயிருந்தால் இதைச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். போன கூட்டத்தில், ஆறு மணிக்கு மூடுகிற ஆஸ்பத்திரியை, சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எட்டு மணி வரை திறந்துவைப்பது என்று முடிவானது. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வர முடியும் என்று டாக்டர் சொன்னார். நியாயம்தான். "யாருக்கும் சிரமம் இல்லையே? இல்லல்ல? சரி." அக்கா எழுதினாள், அடிக்கோடு போட்டாள்.

மூன்று மாதம் ஓடியது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் ஒரு கடிதத்தை அக்காவின் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக அடுத்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாக நாலே வரி.

பதினான்கு வருடமாக ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள் அவர்கள். சிஸ்டரின் மகள் பிறந்ததும், அக்காவின் மாமியார் போனதும் இந்த மேசையில்தான் முதலில் பேசப்பட்டன. அக்கா டப்பாவை மூடிவைத்தாள்.

"என்ன தங்கச்சி இது? குடும்பத்துல என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. சாயங்கால நேரம்தான்."

"எட்டு மணி வரைக்கும் நிக்கறதா?"

"அது பரவாயில்ல. காலையிலதான். நம்மகிட்ட இருக்கறது பன்னிரண்டு தட்டு கருவிதான். குக்கர்ல ஒரு ஈட்டுக்கு ஆறுதான் பிடிக்கும்." குக்கர் என்பது கருவிகளை ஆவியில் வேகவைக்கும் இயந்திரம். "கழுவி, பொட்டலம் கட்டி, வெந்து, நல்லா காஞ்சு வர ஒண்ணரை மணி நேரம் ஆகுது. சாயங்காலம் ஓடின தட்டெல்லாம் ராத்திரி அப்படியே நிக்குது. காலையில முதல் ஆளுக்குத் தட்டு வேணுமே. அதான் ஆறு மணிக்கே வந்துடறேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் எட்டரைக்கு வந்து பூட்டு திறந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், சிஸ்டர் பத்து நிமிடம் முந்திவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"மூணு மாசமாவா? ஏண்டி சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? நீங்களே எழுதியிருக்கீங்க, அனைவரும் ஒப்புக்கொண்டனர்னு. நான் எப்போ ஒப்புக்கிட்டேன்?"

சிஸ்டர் கோபமாகச் சொல்லவில்லை. ஊறுகாய் எடுத்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

"புதன்கிழமை வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்," என்று அக்கா கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் முத்திரை மைக்கு அடியில் வைத்தாள்.

"நீங்க டாக்டர்கிட்ட எனக்காகப் பேசக் கூடாது. அக்கா சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்தாங்கன்னு ஆயிடும்."

அக்கா சத்தியம் செய்துகொடுத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. திங்கட்கிழமை டாக்டர் கையுறையைக் கழற்றும்போது, பெயர் எதுவும் சொல்லாமல், "சாயங்கால நேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசணும் டாக்டர்" என்றாள். "கூட்டத்துல பேசலாம்" என்றார் அவர். கூட்டத்தில் யாரும் பேச முடியாது, கூட்டத்துக்கு வெளியே கேட்டால் கூட்டத்தில்தான் பேச வேண்டும் என்பார். மனுஷர் இருபுறமும் பூட்டிவைத்திருந்தார்.

"சரி, அப்போ இந்தத் தடவை கூட்டத்தை நான் நடத்தறேன்."

"தாராளமா நடத்துங்க. நீங்க நடத்துங்க, நான் பேசிடறேன்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே புலம்பினாள். அவள் வீட்டுக்காரர் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்குக் களைப்பாகிவிடும்.

"உங்க டாக்டர் எப்பவாவது பேசாம இருந்திருக்காரா?" என்று கேட்டார்.

"நீங்க வேற. வாயில கையை வச்சுக்கிட்டே பேசுவார்."

சொல்லிவிட்டு அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பேசாத நேரம் ஒன்று உண்டு. பல்லை அடைத்த பிறகு, அடைத்தது இறுகுவதற்காக ஒரு நீல விளக்கைப் பிடிப்பார்கள். பேனா அளவு கருவி. பொத்தானை அழுத்தினால் இருபது நொடி எரிந்து, 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுத்து அணையும். அந்த இருபது நொடியும் டாக்டர் அசைய மாட்டார், பேச மாட்டார், மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். பத்தொன்பது வருடமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்ட சத்தங்களில் அந்த ஒரு அமைதியும் இருந்தது.

புதன்கிழமை வந்தது. இரண்டு மணிக்கு முன்பே பல்செட்காரரைப் பிடித்து, ஒரு வரிசை நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போட்டாள் அக்கா. முதன்முறையாக ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. டாக்டருக்கும் உட்கார இடம் வைத்தாள். நின்றால் பேசிக்கொண்டே இருப்பார். வழக்கமாகப் பதினெட்டு இலக்கு எழுதும் தாளில் இரண்டே விஷயம் எழுதியிருந்தாள்: குழந்தைகள் அழுகை, சாயங்கால நேரம். நடுவில் டீப்பாய்மேல் நீல விளக்கு.

"இது எதுக்கு இங்க?" என்றார் டாக்டர்.

"ஒவ்வொரு கேள்விக்கும் இதை அமுக்குவேன். பீப் அடிக்கிற வரைக்கும் கேள்வி கேட்டவங்க பேசக் கூடாது."

டாக்டர் சிரித்தார். பல்செட்காரர் கூரையைப் பார்த்தார். அக்கா வெளிச்சம் யார் கண்ணிலும் படாதபடி விளக்கைத் தரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் விஷயம். "பள்ளிக்கூடம் விட்டு வர்ற குழந்தைங்க ரொம்ப அழறாங்க. என்ன பண்ணலாம்? ஒண்ணும் பண்ண முடி..." டாக்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீல வெளிச்சம் தரையில் விழுந்தது. பழக்கம் என்பது இதுதான். அவர் வாய் அப்படியே மூடிக்கொண்டது, கைகூட முழங்காலில் அசையாமல் நின்றது. ஐந்து நொடி. பத்து நொடி. சும்மா இருக்கும் இருபது நொடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பதினைந்தாவது நொடியில் சின்ன டாக்டரம்மா தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

"சாயங்காலம் அதுங்களுக்குத் தூக்கமும் பசியும். குழந்தைங்களுக்குக் காலையில மட்டும் நேரம் கொடுத்தா என்ன? ஒரு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"ஒரு வருஷமாவா?" என்றார் டாக்டர். அக்கா பதிவேட்டில் எழுதினாள். பொறுப்பு என்ற கட்டத்தில் முதல் தடவையாக ஒரு ஆளை எழுதினாள்: சின்ன டாக்டர்.

இரண்டாவது விஷயம். "சாயங்கால நேரம் நல்லா போகுது," என்றார் டாக்டர். உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. "அடுத்த மூணு மாசத்துக்கு சனிக்கிழமையும் எட்டு மணி வரை வைக்கலாம்னு இருக்கேன். யாருக்காவது சிரமமா?"

அக்கா பொத்தானை அழுத்தினாள். டாக்டர் சொன்னபடி அடங்கி உட்கார்ந்தார். அக்கா சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தன் கையைப் பார்த்தாள், சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெளுத்த கையை. வார்த்தை வெளியே வரவில்லை. பதினான்கு வருடம் வாயைத் திறக்காத இடத்தில் இருபது நொடியில் வாய் திறக்க வராது. அக்காவுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

பீப்.

"சரி, அப்போ சனிக்கிழமையும்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், போயிற்று என்று அக்காவுக்குத் தோன்றியது. இழுப்பறையில் கடிதம். மாதக் கடைசி. அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசையில் தான் மட்டும். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. அவளுடைய இடது கை தானாக மேலே எழுந்தது.

டாக்டர் பாதி வார்த்தையில் நின்றார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, விளக்கும் எரியவில்லை. இரண்டு கையும் சட்டென்று மார்புக்கு நேரே பின்னால் போயின, கருவியை வாயிலிருந்து எடுப்பதுபோல. "வலிக்குதா?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"வலிக்குது டாக்டர்," என்றாள் அக்கா. பதிவேட்டின் பழைய பக்கத்தைத் திருப்பினாள். "போன கூட்டத்துல அனைவரும் ஒப்புக்கொண்டனர்னு எழுதினேன். அது பொய். யாரும் ஒப்புக்கல. யாரும் வாயே திறக்கல. முப்பத்தாறு கூட்டத்துலயும் நான் இதே பொய்யைத்தான் எழுதியிருக்கேன். என் தப்புதான். யாருக்கு என்ன சிரமம்னு நான் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா இதுக்கு மேல அந்த வரியை எழுத எனக்குக் கை வராது."

பிறகு, வரிசையின் ஓரத்தில், தோல் வெளுத்த ஒரு இடது கை மெல்ல எழுந்தது.

டாக்டர் அதற்கும் நிறுத்தினார். பேசாமல் இருந்தவர் இன்னும் பேசாமல் இருந்தார். சிஸ்டர் முதலில் தட்டுக் கணக்கைச் சொன்னாள். குக்கரைச் சொன்னாள். "அவசரத்துக்கு ஈரத்தோட எடுத்தா யாருக்கும் தெரியாது டாக்டர். ஆனா ஈரப் பொட்டலம் சுத்தம் இல்லைன்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அதை நான் ஒருத்தர் வாய்க்கு அனுப்ப மாட்டேன். அதனால காலையில ஆறு மணிக்கு வர்றேன். என் பொண்ணு தானே தலை பின்னிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா. ஒரு பின்னல் மேல, ஒரு பின்னல் கீழ. மூணு மாசமா அவ தூங்கற முகத்தைத்தான் பார்த்துட்டு வர்றேன்."

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. "என்கிட்ட ஏம்மா கேக்கல... சொல்லல?" என்றார். அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார், விளக்கு இல்லாமலே.

"நீங்க ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க டாக்டர்," என்றாள் சிஸ்டர். "நான் பதில் சொல்றதுக்குள்ள சரின்னுட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா. சனிக்கிழமை பேச்சு அத்தோடு போயிற்று. சாயங்காலம் வாரத்தில் இரண்டே நாள் என்றானது. அந்த இரண்டு நாளும் கடைசி ஈட்டை யார் பார்ப்பது என்று டாக்டர் கேட்டு, விரலால் முழங்காலில் நொடியை எண்ணிக்கொண்டிருந்தபோது பல்செட்காரர் கனைத்தார்.

"நான் பார்த்துக்கறேன். பல்செட் அச்சு காயற வரைக்கும் எட்டு, எட்டரை வரை பின்கட்டுல சும்மாதான் உக்காந்திருக்கேன். யாரும் கேட்டதே இல்லையே. அந்த மீன்தொட்டியையும் எழுதிக்கோங்க. பார்க்கச் சகிக்கல."

அக்கா ஒவ்வொன்றையும் ஆளோடு எழுதினாள். கடைசி வரி வந்ததும் பேனா பழக்கத்தில் 'அனை' வரைக்கும் போய்விட்டது. அதை அடித்துவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, அவரவரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். கூட்டம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. கடிதத்தை எடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்தபோது அவள் அதைக் கிழிக்கவில்லை. தாளை வீணாக்குகிற ஆள் இல்லை அவள். பின்பக்கத்தில் புதிய நேரப்பட்டியலை எழுதிக் குக்கருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள்.

நாற்காலிகளைத் திருப்பிப் போடும்போது டாக்டர் அக்காவிடம் வந்தார். "நீங்க எல்லாரையும் பேச வச்சீங்க. உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அக்காவுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை.

"இடது பக்கம் ஒரு பல்லு," என்றாள். "ரெண்டு வருஷமா. பயமா இருக்கு டாக்டர்."

பயந்தாங்கொள்ளிகளுக்குக் காலை ஒன்பது மணி. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள், அட்டையில் இருக்கிற பெயரை. மறுநாள் சிஸ்டர்தான் வாசலுக்கு வந்து "நெக்ஸ்ட்" என்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது, விளக்கு முகத்தில் விழுந்தது. சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்தாள். காய்ந்த காகிதம் மொரமொரவென்று கிழிந்தது.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க," என்றார் டாக்டர்.

அவர் வாயருகே கையைக் கொண்டுவருவதற்குள் அக்கா கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சிஸ்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எத்தனை மணிக்கு வந்தே?"

"எட்டு மணிக்குத்தான் அக்கா. தலை பின்னிவிட்டுட்டு வந்தேன்."

"ரெண்டு பின்னலும் சமமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சரி டாக்டர், பாருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை இறுக மூடி வாயைத் திறந்தாள்.